பிரிஜெட்டின் கிடாருக்கு ஒரு பிக்கப்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பிரிஜெட்டுக்கு இரண்டு அடையாளங்கள். வாரநாட்களில் காதுக் கருவி விற்கும் கடையில் வேலை, ஞாயிறு காலை சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குக் கிடார். இரண்டையும் பதினெட்டு வருடங்களாகச் செய்து வந்தாள். கடைக்கு வரும் பெரியவர்களின் காதில் கருவியைப் பொருத்திவிட்டு, "ஏதாவது பேசுங்க அங்கிள்" என்பாள். பேசியவர் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிடுவார். "என் குரலா இது? இவ்ளோ கரகரன்னா இருக்கு?" பிரிஜெட் சிரிக்க மாட்டாள். "பழகிடும் அங்கிள்" என்பாள்.

கோயிலில் அவள் கிடார் பெரிதாக யாருக்கும் கேட்டதில்லை. முன்னால் ஒரு மைக்கை நிறுத்தி வைப்பார்கள். அது பாதி கிடாரையும் பாதி மின்விசிறியையும் வாங்கிக்கொள்ளும். அவளோ நரம்புகளை மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொன்றாக விரலால் மீட்டுகிறவள். பாடகர் குழுவைத் தாண்டி நான்கு பெஞ்சுக்கு மேல் அது போகாது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, இன்னொரு கிடார் வருகிறவரைக்கும்.

அந்த இன்னொரு கிடார் அவள் வீட்டிலிருந்தே வந்தது. கணவன் ஆம்ப்ரோஸ் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். கொரோனா காலத்தில் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, "எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன் பிரிஜி" என்று வந்து உட்கார்ந்தான். அவளும் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்தாள். விரலில் நாலு கார்ட் பிடிக்க வந்தது, பிறகு எட்டு வந்தது. இரண்டு வருடம் கழித்து அவன் சொந்தமாக ஒரு கிடார் வாங்கினான். அதன் உடம்புக்குள்ளேயே பிக்கப் இருந்தது. நரம்பின் அதிர்வை வாங்கி நேராக ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சின்ன சாமான். பக்கவாட்டில் நாலைந்து குமிழ்கள். வயரைச் செருகி அவன் ஒரு தட்டுத் தட்டினால் 'ஜங்' என்று கடைசி பெஞ்சு வரைக்கும் போகும்.

முதல் ஞாயிறே ஜனங்கள் தலையை உயர்த்திப் பார்த்தார்கள். பாதர் பூசை முடிந்து, "ஆம்ப்ரோஸ், இன்னிக்குத்தான் கோயில் முழுக்கப் பாடுச்சு" என்றார். முன்வரிசை ஆஞ்சலா ஆன்ட்டி அவன் கையைப் பிடித்து ஆசீர்வதித்துவிட்டு, பிரிஜெட் பக்கம் திரும்பி ரொம்பப் பிரியமாகக் கேட்டார்: "நீயும் கூட இன்னும் வாசிக்கறியாம்மா?"

அன்றைக்குப் பற்றியது வயிறு. அதன் பிறகு அணையவில்லை.

அவன் எந்த இடத்தில் தப்பு செய்கிறான் என்று எண்ணத் தொடங்கினாள். ஒரு பூசைக்கு ஆறு தப்பு, ஏழு தப்பு. அவற்றைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான் என்பது இன்னும் எரிந்தது. அவன் ஹாலில் உட்கார்ந்து வாசித்தால் இவள் மிக்ஸியைப் போடுவாள். சட்னிக்குத் தேவையே இல்லாத நாளிலும் மிக்ஸி ஓடும். சொந்தப் புருஷன்மேல் பொறாமைப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது? பாவசங்கீர்த்தனத்தில்கூட, "கோபப்பட்டேன் பாதர்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாள்.

இந்த வருடம் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை ஞாயிறுக்கு இருபத்துமூன்று பிள்ளைகள். ஞானோபதேசம் எடுக்கும் ஜூடித் டீச்சர் அவர்களுக்கு ஒரு புதுப் பாட்டைப் பழக்கியிருந்தார். நற்கருணை வாங்கியதும் பிள்ளைகள் மட்டும் நின்று பாட வேண்டும். கிடார் முதலில் நாலு அளவு, அதாவது நாலு தாளச் சுற்று, வாசித்துக் காட்டியதும் அவர்கள் சுருதியைப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த நாலு அளவை யார் வாசிப்பது என்று ஒரு பேச்சே எழவில்லை. "ஆம்ப்ரோஸ் அண்ணா குடுத்துடுவார்" என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு முந்திய திங்கட்கிழமை, ஆம்ப்ரோஸ் வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் வயரைச் செருகிப் பழகிக்கொண்டிருந்தான். கம்மனஹள்ளியில் ஒரு அப்பார்ட்மெண்டில் லிஃப்ட் நடுவில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தது. ஸ்பீக்கரை மட்டும் அணைத்து, கிடாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஓடினான். வயர் கிடாரிலேயே செருகி இருந்தது.

செருகி இருக்கும்வரை கிடாருக்குள் பிக்கப்பை ஓட்டும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பேட்டரியோடு பிழைக்கிற பிரிஜெட்டுக்கு இது தெரியாததல்ல. அவன் மறக்கும்போதெல்லாம் அவள்தான் பிடுங்கிச் சுற்றி வைப்பாள். அன்றைக்கும் குனிந்தாள். கை வயர் வரைக்கும் போயிற்று. பிறகு நிமிர்ந்து, துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க ஆம்ப்ரோஸுக்கு இரட்டை ஷிப்ட். கிடாரைத் தொட நேரமில்லை. பிரிஜெட் ஐந்து நாள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள். பெருக்கும்போது வயரைத் தூக்கிப் பெருக்கி, இருந்த இடத்திலேயே விட்டாள். சனிக்கிழமை மாலை அவன் வருவதற்கு முன்னால் வயரைப் பிடுங்கி, அழகாகச் சுற்றி, பையில் வைத்தாள். மறந்தது அவன்தான் என்று அதுவரைக்கும் தனக்குச் சொல்லிக்கொள்ள முடிந்தது. வயரைச் சுற்றிய பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஞாயிறன்று வருகைப் பாட்டில் கிடார் நன்றாகத்தான் ஒலித்தது. காணிக்கைப் பாட்டில் ஓரம் கிழிந்த மாதிரி ஒரு கரகரப்பு. சவுண்ட் மிக்ஸர் முன்னால் இருந்த சுனில் குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்தான். நற்கருணை முடிந்து, வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். ஆம்ப்ரோஸ் நாலு அளவு வாசித்தான். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை.

பிரிஜெட் அதையே தன் கிடாரில் வாசித்தாள். விரல் வலிக்க வாசித்தாள். இதற்குத்தானே காத்திருந்தாள்! அது நாலு பெஞ்சுக்கு மேல் போகவில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் உயரத்தில் எடுத்தார்கள், பாதிப் பேர் தாழ்வில் எடுத்தார்கள். இரண்டாவது அடியில் மூன்று பிள்ளைகள்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் ஷ்ரேயா என்கிற பெண் முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் ஜூடித் டீச்சர் ஆம்ப்ரோஸைப் பிடித்துக்கொண்டார். "மூணு மாசமா பழக்கினேன் அண்ணா. ஒரு பேட்டரி பாத்துட்டு வரக்கூடாதா?"

"என் தப்புதான் டீச்சர். பாக்காம வந்துட்டேன். சாரி" என்றான் ஆம்ப்ரோஸ். ஒவ்வொரு பிள்ளையின் அப்பா அம்மாவிடமும் போய்ச் சொன்னான். பிரிஜெட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுகூட வாய் திறக்கவில்லை. ஏனென்றால் ஆஞ்சலா ஆன்ட்டி அந்த நேரம் பார்த்து, "ஆம்ப்ரோஸ் கிடார் இல்லேன்னா பாட்டே இல்லப்பா, இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். தான் விரல் தேய வாசித்தது ஒருவர் காதிலும் ஏறவில்லை என்பது குற்ற உணர்வையும் முந்திக்கொண்டு வந்து நின்றது.

மறுவாரமே லீவு போட்டு, கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முதலில் போன பெரிய கடையில், கிடாரின் பக்கவாட்டை வெட்டிக் குமிழ்ப் பலகை பொருத்த வேண்டும் என்றார்கள். முதல் சம்பளத்தில் வாங்கிய கிடார். வெட்ட மனம் வரவில்லை. அங்கிருந்த ஒருவர்தான் மல்லேஸ்வரத்தில் ஸ்ரீஹர்ஷாவைப் போய்ப் பார்க்கச் சொன்னார். வீட்டின் முன்னறையையே பட்டறையாக்கி வைத்திருந்தான் ஸ்ரீஹர்ஷா. முப்பது வயதிருக்கும். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதிக்குப் பாதி கன்னடம்.

"எந்தத் தர பிக்கப் பேக்கு, என்ன மாதிரி வேணும் மேடம்?" என்றான்.

"இருக்கறதிலேயே சத்தமானது. இன்னொரு கிடாரைவிட மேல கேக்கணும்."

"யாரோடது அந்த இன்னொண்ணு?"

"எங்க வீட்டுக்காரரோடது."

ஸ்ரீஹர்ஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆய்த்து, மூணு வகை போட்டுக் காட்றேன். ஸ்வல்ப உக்காருங்க" என்றான்.

கடையில் அவள் ஒருநாளும் வாடிக்கையாளரிடம் எந்தக் கருவி பிடித்திருக்கிறது என்று கேட்டதில்லை. ஒரே வாசகத்தை ஒவ்வொன்றிலும் கேட்க வைத்து, "நாள் முழுக்க எதைப் போட்டுக்குவீங்க?" என்றுதான் கேட்பாள். இங்கும் அப்படியே செய்தாள். ஒரே பாட்டை மூன்றிலும் வாசித்து, அவனைப் பதிவு செய்யச் சொன்னாள். ஒலித்துளையில் மாட்டிய காந்த பிக்கப் இனிமையாக இருந்தது. ஆனால் எலக்ட்ரிக் கிடார் மாதிரி இருந்தது. மரத்தின் ஒலி காணாமல் போயிருந்தது. இரண்டாவது, நரம்புகள் தாங்கி நிற்கும் எலும்புக் கட்டைக்கு அடியில் வைக்கிற மெல்லிய பட்டி. அதுதான் சத்தம். பளீரென்று அறைந்தது. கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் மாறிப்போயிற்று.

"ஏன் மேடம்? நீங்க கேட்டது இதுதானே?"

"இது அவர் கிடாருங்க" என்றாள். அதே பளீர், அதே ஜங். பதினெட்டு வருடம் வாசித்துவிட்டு, கடைசியில் ஆம்ப்ரோஸ் மாதிரிக் கேட்பதற்கா இவ்வளவு தூரம் வந்தாள்?

மூன்றாவது, கிடாரின் மேல்பலகைக்கு உட்புறம் ஒட்டுகிற காசு அளவுத் துண்டுகள். சத்தம் மற்ற இரண்டைவிடக் குறைவு. ஆனால் மரம் கேட்டது, நகம் உரசுவது கேட்டது. இன்னொன்றும் கேட்டது. பாட்டு ஏறுகிற இடத்தில் எல்லாம் அவள் ஓடினாள். தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே போய் நின்றாள், ஒவ்வொரு முறையும். ஆம்ப்ரோஸின் தப்புகளில் பாதி, ஓடுகிறவளைப் பிடிக்க அவன் தாவியபோது விழுந்தவை என்று அந்தப் பதிவைக் கேட்டபோதுதான் புரிந்தது. திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். காது சூடாகிவிட்டது.

"இது ஸ்பீக்கர் பக்கத்துல போனா விசில் அடிக்கும்" என்று எச்சரித்தான் ஸ்ரீஹர்ஷா.

"விசிலை நான் பாத்துக்கறேன். காதுக் கருவியும் விசில் அடிக்கும், அதை அடக்கறதுதான் என் வேலை. வெட்ட வேண்டாம்ல?"

"பேடா. பேட்டரிகூட வேண்டாம்."

அதையே ஒட்டச் சொன்னாள்.

மாலை ஆம்ப்ரோஸ் வந்ததும் கிடாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாசித்துப் பார்த்து, "அய்யோ, என்ன அழகா இருக்கு பிரிஜி! முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்றான். அவனுக்குப் பொறாமை என்பதே கிடையாதா என்று அதற்கும் எரிச்சல் வந்தது. "பேட்டரி எங்க போடறது?" என்றான்.

"இதுக்கு வேணாம்."

"நல்லதாப் போச்சு. என்னை மாதிரி மறந்துட்டு நிக்க வேண்டாம்."

பிரிஜெட் கிடாரைக் கீழே வைத்தாள். "நீங்க மறந்தது திங்கக்கெழமை. நான் பாத்தேன். வேணும்னே பிடுங்கல. சனிக்கெழமை நீங்க வர்றதுக்கு முன்னாடி சுத்தி வெச்சேன்."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்தான். "ஏன்?"

"எல்லாரும் உங்களையே சொன்னாங்க. என்னால தாங்க முடியல."

"என்மேல கோவம்னா என்னைத் திட்டியிருக்கலாமே" என்றான். பிறகு, "பிள்ளைங்க பாட்டு, பிரிஜி" என்றான்.

நாலு நாள் அவன் சரியாகப் பேசவில்லை. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், கிடாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. மிக்ஸி போடுவதற்கும் காரணம் இல்லாமல் வீடு சும்மா இருந்தது. ஐந்தாம் நாள் பிரிஜெட் ஜூடித் டீச்சர் வீட்டுக்குப் போனாள். உட்காராமல், வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அண்ணாவை எல்லார் முன்னாடியும் பேசிட்டேனே பிரிஜெட்."

"அதுக்குத்தான் வந்தேன் டீச்சர்."

"என்கிட்ட சொன்னது சரி. பிள்ளைங்களுக்கு என்ன செய்யப் போற?"

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தப் பாட்டைப் பிள்ளைகள் மறுபடி பாடுவது என்று முடிவாயிற்று. பாதரிடம் டீச்சரே கேட்டு வாங்கினார். பாட்டுக்கு முன்னால் பிரிஜெட் மைக்கை எடுத்து, "போன தடவை பாட்டு கெட்டதுக்கு ஆம்ப்ரோஸ் காரணம் இல்ல, நான்தான் காரணம். பிள்ளைங்க மன்னிக்கணும்" என்றாள். மைக்கை வைத்துவிட்டுக் கிடாரை எடுத்தாள். ஜனங்களுக்குப் பாதி புரிந்தது. ஆம்ப்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டு நரம்பை முடுக்கிக்கொண்டிருந்தான். முடுக்க அதில் ஒன்றும் இல்லை.

நாலு அளவையும் பிரிஜெட் வாசித்தாள். ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகக் கோயிலின் கடைசி வரைக்கும் போவது அவள் காதுக்கே கேட்டது. ஏறுகிற இடத்தில் வழக்கம்போல ஓடப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் பாதத்தால் மெதுவாகத் தரையைத் தட்டினான். அவள் அவனுக்காக நின்றாள். பிள்ளைகள் ஒரே சுருதியில் எடுத்தார்கள். இந்த முறை ஷ்ரேயா எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் ஆம்ப்ரோஸ் தானாகவே பேச்செடுத்தான். "நான் ஏன் கிடார் கத்துக்கிட்டேன் தெரியுமா? பதினாலு வருஷம் நீ மேல நிப்ப, நான் கீழ பெஞ்சுல உக்காந்திருப்பேன். பிரிஜெட் புருஷன்னுதான் பேரு."

"அப்ப உங்களுக்கும் இருந்துச்சா?"

"இல்லாம?"

அவள் முகத்தை அவன் முதுகில் வைத்துக்கொண்டாள். லிங்கராஜபுரம் பாலம் இறங்குகிறவரைக்கும் எடுக்கவில்லை.

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். இரண்டு வாரம் கழித்து, பூசைக்கு முன்னால் பிரிஜெட் மெதுவாக மிக்ஸர் பக்கம் போனாள். "சுனில், என்னுது ஒரு பொட்டு ஏத்தி வையேன். யார்கிட்டயும் சொல்லாத."

சுனில் குமிழைத் தொட்டுவிட்டு, தயங்கி, அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, இப்பத்தான் அண்ணா வந்து அவருதை ஏத்தச் சொல்லிட்டுப் போனாரு. யாருதை ஏத்த?"