கடைசி வரிக்கு ஊற்றாத மருந்து

டிக்கோயாப் பக்கம் எங்கள் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஜீவராஜ், மண்ணைப் பற்றி மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். அன்றிலிருந்து அவரை யாரும் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். அதையும் அவரே செய்துகொண்டார்.

உரம் யானை விலை விற்ற வருஷம் அது. அம்மாக்கண்ணுவுக்குத் தோட்டம் எழுநூறு தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்திருந்தது. அவள் பராமரித்து, கொழுந்தைத் தோட்டத்துக்கே விற்க வேண்டும். சொன்னபடி கேட்காவிட்டால் செடியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். பதினேழு வயதிலிருந்து தோட்டத்துச் செடியில் கொழுந்து பறித்தவளுக்கு, நாற்பத்தாறு வயதில்தான் ‘என் செடி’ என்று சொல்லக் கிடைத்தது.

உரத்துக்குப் பதிலாக, விறகு அறுத்த பச்சை மரத்தூளைச் செடியடியில் கொத்திப் புதைக்கச் சொன்னார் ஜீவராஜ். புதைத்தாள். தூளைத் தின்ன மண்ணில் பற்றீரியா என்ற நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் பெருகின. தூளில் செடியை வளர்க்கும் நைதரசன் ஏது? மண்ணில் இருந்ததையும் வேரை முந்திக்கொண்டு அவையே விழுங்கின. செடிகள் மஞ்சளாயின.

பயிற்சி பெற்றவர் வந்து பார்த்தார். வேர்ப்புழு என்று தீர்ப்புச் சொல்லி, மண்ணுக்குப் புழு மருந்து ஊற்றச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத நல்ல புழுக்களும் மண்ணில் உண்டு. அவை பற்றீரியாவை மேய்ந்து, மிஞ்சிய நைதரசனை வேருக்கு எட்டும்படி கழித்துவிடும். செடிக்குச் சோறு போட மிச்சமிருந்தவை அவைதான். அவற்றையும் கொன்றாயிற்று. என்னே கெட்டிக்காரத்தனம்!

தண்ணீர் ஓடும் கான் ஓரத்துக் கடைசி வரிக்கு மட்டும் அம்மாக்கண்ணு மருந்து ஊற்றவில்லை. சம்பலுக்கு வல்லாரை பறிக்கிற இடம் அது. அங்கே விஷத்தை ஊற்ற மனசு வரவில்லை. சில மாதத்தில் அந்த வரி மட்டும் பச்சை கட்டியது.

தோட்டத்தை நடத்தும் துரை பார்வையிட வந்தார். ஜீவராஜ் நேரே கடைசி வரிக்கு அழைத்துப் போய், எல்லாம் தன் மருந்தின் வேலை என்று அளந்தார். துரை பூரித்துப்போனார். எல்லா டிவிஷனுக்கும் அதே மருந்து, இந்த வரிக்கு இன்னொரு தடவை என்று உத்தரவு போட்டார். அம்மாக்கண்ணு பக்கத்திலேயே நின்றாள். உண்மையைச் சொன்னால் செடியைப் பிடுங்குவார்கள். சொல்லாவிட்டால் இருக்கிற பச்சையும் போகும்.

“தொரை, இந்த வரிக்கு மருந்தே ஊத்தலீங்க. ஊத்துனதெல்லாம் அந்தா மஞ்சளா நிக்குது, பாத்துக்கங்க.”

துரை ஜீவராஜைப் பார்த்தார். ஜீவராஜ் கானைப் பார்த்தார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. உத்தரவை மீறியதால் எழுநூறு செடியும் திரும்பத் தோட்டத்துக்கே. மறுநாள் காலை, வேலை பிரிக்கிற பெரட்டில், ஜீவராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, மருந்து ஊற்றாவிட்டால் செடி தேறும் என்று தாம் கண்டுபிடித்திருப்பதாக அறிவித்தார். பிறகு ஆள் பிரித்தார். அந்தப் பச்சை வரியில் கொழுந்து பறிக்க, நாள் கூலிக்கு, அம்மாக்கண்ணு.