பனங்கட்டியில் பாதி

வயல் வரம்பில் பால் விடாத வெறுந்தேத்தண்ணி வந்தால், பழனியாண்டி பனங்கட்டியை முன்பல்லால் கடித்து உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து பத்து வயதில் அக்கராயன் கிராமத்துக்கு ஓடிவந்தவர். கூலிக்கு நெல் அருவி வெட்டி வளர்ந்து, கடைசியில் ஒன்றரை ஏக்கர் சொந்தமாய் விதைத்தவர். யாருக்கும் இல்லையென்று கைவிரித்ததில்லை. கையில் இருப்பதில் பாதியாவது கொடுப்பார்.

அன்று காலையில் அவருக்குக் காய்ச்சல். மத்தியானம் காலெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளிகள். அம்மாள் வந்துவிட்டாள் என்று மனைவி ஞானேஸ்வரி வாசல் படலையில் வேப்பிலை கட்டினார். வவுனியாவில் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மகள் அனோஜா தொலைபேசியில் கேட்டாள்.

“கொப்புளத்துக்க தண்ணி இருக்கோ அம்மா? கண்ணாடிக் கிளாசை வச்சு அமத்திப் பாருங்கோ. புள்ளி மறையாட்டி உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.”

“அம்மாளைச் சோதிக்கிறதோ?” தொடர்பு அறுந்தது.

பக்கத்து வயல் சின்னராசாவை அனோஜா ஆட்டோவோடு அனுப்பி, அவர் பழனியாண்டியை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பொழுதுபட்டுவிட்டது. இரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. இரத்தப் பரிசோதனையில், பிளந்த பயறு போல இரண்டிரண்டாய் ஒட்டியிருந்த கிருமிகளைக் கண்டார்கள்.

மறுநாள் தகனம் முடிந்ததும் சுகாதாரப் பரிசோதகர் அவரோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு, கிருமி பரவாமலிருக்க ஆளுக்கொரு குளிசை கொடுத்தார். சின்னராசா உடனே விழுங்கிவிட்டு, வவுனியாவிலிருந்து வந்திருந்த அனோஜாவிடம் சொன்னார்.

“கொப்பர் கடிச்ச பனங்கட்டியைத் தின்னாத ஆள் இந்த வயலுக்க ஆர் பிள்ளை? மிஞ்சினது டிராக்டர்தான், அதுக்கும் ஒண்டு தரச் சொல்லன்.” சிரிக்கப் போனவர் அழுதுவிட்டார்.

ஞானேஸ்வரி குளிசையைத் தொடவில்லை. “அம்மாள் வந்த வீட்டில மருந்து போடுறேல்லை.”

அனோஜாவுக்கு விளங்கியது. விழுங்கினால் வந்தது அம்மாள் இல்லை என்றாகிவிடும். பிறகு படலையில் கட்டிய வேப்பிலைக்கு யார் பதில் சொல்வது?

“பத்துப் பேரில ஒராளின்ர தொண்டையில இந்தக் கிருமி சும்மா கிடக்கும் அம்மா. எச்சிலால, இருமலால மற்ற ஆளுக்குப் போகும். எப்பவாவது ஒராளுக்கு ரத்தத்துக்க இறங்கும். ரத்தக்குழாய் கசியும். அந்தப் புள்ளி அதுதான்.”

“ஆர் குடுத்தது?”

“வச்சிருக்கிற ஆளுக்கே தெரியாது. நானாயும் இருக்கலாம். போன ஞாயிறு நான் கடிச்ச பனங்கட்டி மிச்சத்தை அப்பா வாங்கித் திண்டவர்.”

ஞானேஸ்வரி நிலத்தைப் பார்த்தபடி கேட்டார். “மத்தியானமே கொண்டுபோயிருந்தா?”

ஆய்வுகூடத்தில் கண்டதை மட்டுமே எழுதிப் பழகியவள் அனோஜா. “தப்பியிருப்பார் எண்டும் சொல்லேலாது. தப்பியிருக்கமாட்டார் எண்டும் சொல்லேலாது.”

ஞானேஸ்வரி மகளின் பக்கம் திரும்பினார்.

“நீ போட்டனியோ?”

“இல்லை. உங்களோட போடுவம் எண்டு இருந்தனான்.”

ஞானேஸ்வரி குளிசையை எடுத்தார். முன்பல்லால் கடித்து உடைத்து, பாதியை மகளிடம் நீட்டினார்.

“இதைப் பாதி போடுறேல்லை அம்மா. எனக்கு வேற இருக்கு.”

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அந்தப் பாதியையும் தன் வாயிலேயே போட்டுத் தண்ணீர் குடித்தார்.