யாரு மடியில?

என் மகள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மைசூருக்கு வருவாள், ஈஸ்டர் லீவில். அவள் இருக்கிற இங்கிலாந்தில் அது வசந்த காலமாம். பூவெல்லாம் பூக்குமாம். இங்கே அது காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிற காலம். சாயங்காலம் திடீரென்று ஒரு கோடை மழை வந்து, மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களை எல்லாம் ஓட வைக்கும். எனக்கு அந்த ஒரு வாரம்தான் வருஷம். மற்றதெல்லாம் சும்மா ஆபீஸ் போய்விட்டு வருவது.

அவளுடைய அம்மாவும் நானும் பிரிந்தபோது அவள் கைக்குழந்தை. அவள் அம்மா பிறகு இங்கிலாந்தில் வேலை பார்க்கிற ஒரு சென்னைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, குழந்தையோடு அங்கே போய்விட்டாள். நல்ல மனுஷன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அதுவே எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் வாய் நிறையத் திட்டவாவது செய்திருக்கலாம்.

லீவுக்கு வந்தால் தாயும் மகளும் மைசூரிலேயே விஜயநகரில், மகளின் அம்மாவழிப் பாட்டி வீட்டில் தங்குவார்கள். அதில் ஒரு வாரம் மகள் எனக்கு. அந்த ஒரு வாரத்துக்காக என் அப்பாவும் அம்மாவும் மாதேஸ்வரன் மலைப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் மார்டள்ளியிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி, நான் வாடகைக்கு இருக்கிற மாடி வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். கூடவே ராகி மாவு, நிலக்கடலை, தட்டைப்பயறு. மைசூரில் கடையே இல்லாத மாதிரி.

அதோடு ஒரு ஜோடி கம்மலும் வரும். எங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளைக்கு மாதேஸ்வரன் மலையில் முடி இறக்கிக் காது குத்துவது வழக்கம். பேத்தி பிறந்த கையோடு கொள்ளேகால் ஆசாரியிடம் சொல்லி, சிவப்புக் கல் வைத்துத் திருகு போட்ட குட்டிக் கம்மல் செய்து வாங்கிவிட்டாள் அம்மா. குத்தத்தான் முடியவில்லை. முதலில் 'டாக்டர் இப்போ வேண்டாங்கறார்' என்றார்கள். அப்புறம் எங்கள் பிரிவு, அப்புறம் விசா. 'இந்த வருஷம் வேண்டாம், காது பழுத்துட்டா பிளேன்ல கஷ்டம், அடுத்த வருஷம் பாக்கலாம்' என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று. அம்மா கம்மலைக் கொண்டுவருவாள், திரும்பக் கொண்டுபோவாள்.

"இந்தக் கம்மலு பஸ்ல போன தூரத்துக்கு, நேரா விட்டிருந்தா லண்டனுக்கே போய்ச் சேந்திருக்கும்" என்பார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. என்ற பேத்தி காதுல ஏறாம அது எங்கயும் போகாது" என்பாள் அம்மா.

இந்த வருஷம் அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் மகளின் அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'காது விஷயத்துல இனிமே ஒரு பிரச்சினையும் இல்ல. உங்க அம்மாகிட்ட சொல்லிடு.' நான் உடனே ஊருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. "மனசு எறங்கிட்டா பாத்தியா! நாந்தான் சொன்னேனல்லோ, அவளும் ஒரு பொம்பளப் புள்ளய பெத்தவ தானே" என்றாள். அன்றைக்கே அப்பா மலையில் பூசாரிக்குச் சொல்லி நாள் குறித்துவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் என் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டார். ஒன்றுவிட்ட மாமன், ரெண்டுவிட்ட மாமன் என்று அம்மா ஆள் தேட ஆரம்பித்தாள். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது.

"மாமனும் வேண்டாம் கீமனும் வேண்டாம். என் புள்ள, என் மடி. பேசாம இரு" என்று கத்தினேன்.

கத்தினதற்குக் காரணம் இருந்தது. அவளுக்குப் பல் விழுந்தபோது நான் இல்லை. முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது நான் இல்லை. காய்ச்சல் என்றால் வீடியோவில் 'ஐயோ பாவம்' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு தடவை, அவளுக்கு வலிக்கிற நேரத்தில், அவள் என் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. அப்பன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றாவது வேண்டும்.

அவள் வந்து சேர்ந்தது ஒரு சாயங்காலம். ஏழு வயசு. உயரமாகியிருந்தாள். கீழே குடியிருக்கிற வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து "மகளு பந்த்லா?" என்று, மகள் வந்தாச்சா என்பதைக் கன்னடத்தில் கேட்க, நான் ஊருக்கே கேட்கிற மாதிரி "பந்த்லு, பந்த்லு!" என்றேன். உள்ளே வந்ததும் அவள் தன் அம்மாவுக்குப் போன் செய்து, "ரீச் ஆயிட்டேன். மைசூர் அப்பா வீட்டுல இருக்கேன்" என்றாள்.

மைசூர் பாகு, மைசூர் போண்டா, மைசூர் அப்பா. நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மிருகக்காட்சிசாலை. பெரிய துணித் தொப்பி ஒன்றை மகள் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். என் அப்பாவின் சோளக்காட்டில் யானை இறங்காத வருஷமே கிடையாது. அவரைக் காசு கொடுத்து டிக்கெட் வாங்க வைத்து யானையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் எப்படி இருக்கும்! இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏண்டா, நீதானே போன மாசம் எங்க காட்டுக்கு வந்தது? மூஞ்சியப் பாரு, ஒண்ணும் தெரியாதவனாட்டம்!"

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பாரு, அது வேற யானை!" என்றாள்.

"எல்லாம் இவங்க சொந்தக்காரங்கதான் கண்ணு. ஒருத்தன விட முடியாது."

அவள் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எங்கள் ஊரில் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்போம், அப்பாவின் அம்மாவை அப்பத்தா. அவள் அதை மறக்காமல் வந்திருந்தாள். அன்றைக்கு முழுக்க அப்பா அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் தடுக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கு அடுத்த நாள் சித்திரை ஒன்று. வேப்பம்பூ போட்டு மாங்காய்ப் பச்சடி, பாயசம் எல்லாம் ஏற்பாடு. குளிக்க வைக்கும் முன்னால் பேத்தியைக் கூடத்தில் மணையில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாள் அம்மா. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பேச்சு பாதியில் நின்றது.

"இதென்ன கண்ணு காதுல?"

முடியை ஒதுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு காதிலும் ரோஸ் கலரில் பொட்டுப் போல வண்ணத்துப்பூச்சி. ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்திருக்கிறேன், பார்க்கவில்லை. கண்ணை எங்கே வைத்திருந்தேனோ.

"பட்டர்ஃப்ளை! நல்லா இருக்கா? கிறிஸ்மஸுக்குக் குத்தினோம் அப்பத்தா."

அம்மா எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "வலிச்சுதா சாமி?"

"கொஞ்சம். டக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான்."

"யாரு மடியில உக்காந்து குத்திக்கிட்டே?"

"அப்பா மடியில. நான் கொஞ்சந்தான் அழுதேன். அப்பாதான் ரொம்ப அழுதாரு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா என்ற வார்த்தையைக் கேட்டதும் பழக்கத்தில் திரும்பிவிட்டாள், பாவம். திரும்பின பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகத்தைச் சட்டென்று பேத்தியின் தலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பரபரவென்று எண்ணெயைத் தேய்க்க ஆரம்பித்தாள். "மெதுவா, அப்பத்தா!" என்று குழந்தை கத்தியது.

நான் மொட்டை மாடிக்குப் போய் அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று படி ஏறும்போதே எல்லாம் வாயில் தயாராக இருந்தது.

"மெசேஜ் போட்டேனே. இனிமே பிரச்சினை இல்லைன்னு" என்றாள் அவள்.

"குத்தியாச்சுன்னு எங்க போட்டே? அங்க மலையில நாள் குறிச்சு வெச்சிருக்காரு எங்கப்பா!"

"ஐயோ" என்றாள், நிஜமாகவே பதறிப்போய். "கிளாஸ்ல எல்லாரும் குத்திட்டு வந்துட்டாங்க. தினமும் எனக்கும் எனக்கும்னு ஒரே அழுகை. காது குத்துற கடைக்குக் கூட்டிட்டுப் போனா, பயத்துல சேர்லயே உக்கார மாட்டேன்னுட்டா. அவர்தான் மடியில வெச்சுப் பிடிச்சுக்கிட்டாரு. வேற என்ன செய்யச் சொல்றே?"

பயந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டவனை என்ன சொல்லித் திட்டுவது? "சரி" என்று வைத்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கார அம்மா வடகம் காயப்போட வந்தவள், என்னைப் பார்த்துவிட்டுத் தட்டோடு அப்படியே திரும்பிப் போனாள்.

கீழே வந்தபோது அப்பா மலைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். "இல்லீங் சாமி, வர முடியல. புள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா அதற்குள் தேறிவிட்டாள். அவள் அப்படித்தான், முதலில் விழுவாள், அப்புறம் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நிற்பாள். "குத்தினது குத்தினதுதான். ஓட்டை இருக்குதல்லோ, அதுல நம்ம கம்மலப் போடறதுக்கு எவனக் கேக்கோணும்?" என்று சாமி படத்துக்கு முன்னால் கம்மலை வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "உக்காரு. மடியில வெச்சு நீயே போட்டு விடு" என்றாள்.

என் தடி விரல்களுக்கு அந்தத் திருகாணி அகப்பட்டால்தானே! இரண்டு தடவை கீழே விழுந்து உருண்டு, அப்பா தரையைத் தடவித் தேடி எடுத்துக் கொடுத்தார். மகள் என் மடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீயக்காய் வாசனை. "வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இல்ல, கூசுது" என்று சிரித்தாள். வலிக்கவே இல்லை அவளுக்கு. எல்லா வலியையும் அவள் அங்கேயே, வேறொருவர் மடியில் முடித்துவிட்டு வந்திருந்தாள்.

மலைக்குப் பதிலாக மேல்கோட்டைப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். மகள் படியில் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தாள். கம்மல் வெயிலில் மின்னியது. இறங்கிவந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு, "ஸ்பைஸி, ஸ்பைஸி" என்று தண்ணீர் பாட்டிலோடு குதித்தாள். அம்மா வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "என்ற பேத்தி. லண்டன்ல இருக்குறா" என்று சொன்னாள். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது. அதைப் பற்றி அம்மாவுக்கு என்ன? கிளம்புகிற நாள் வரைக்கும் தூங்கும்போதுகூட மகள் கம்மலைக் கழற்றவில்லை. கழற்றத் தெரியவும் தெரியாது, திருகாணி அப்படி.

கடைசி நாள் காலையில் கேட்டுக்கு வெளியே அவள் அம்மாவின் கார் வந்து நின்றது. என் அம்மாவும் அப்பாவும் பேத்திக்கு முத்தம் கொடுத்துவிட்டு, அழுகையை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் கூட இறங்கினேன். மாடிப்படித் திருப்பத்தில் மகள் நின்றாள். கம்மலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இதக் கழட்டி விடு."

"ஏன் கண்ணு? வலிக்குதா?"

"இல்ல. பட்டர்ஃப்ளை போடணும். அங்க ஏர்போர்ட்டுக்கு அப்பா வருவாரு. அவர் வாங்கிக் குடுத்தது இல்லேன்னா அழுவாரு." பாக்கெட்டிலிருந்து அந்த இரண்டு ரோஸ் வண்ணத்துப்பூச்சிகளையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் படியில் உட்கார்ந்தேன். அவள் தானாகவே என் மடியில் ஏறி உட்கார்ந்து, காதைக் காட்டினாள். இந்தத் தடவை திருகாணி கீழே விழவில்லை. ஒன்றைக் கழற்றினேன், அடுத்ததையும் கழற்றினேன். வண்ணத்துப்பூச்சிகளை நானே மாட்டிவிட்டேன். காருக்குள்ளிருந்து ஹாரன் கேட்டது.

அவள் இறங்கி நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ அழ மாட்டேல்ல?"

"சேச்சே, நான் எதுக்கு அழறேன்?" என்றேன்.

நம்பிவிட்டாள். திடுதிடுவென்று ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.