அம்மாவின் தொடைக்குள் இருந்த தகடு

அன்னூர் சந்தைக்குப் போகும் வழியில் மொபெட்டிலிருந்து விழுந்து அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. உள்ளே எஃகுத் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். அப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் உலோக அரிப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். பம்புகளில் தொடங்கிய ஆய்வை, அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு, உடம்புக்குள் வைக்கிற எஃகுக்கு மாற்றிக்கொண்டேன். என் பேராசிரியர் முகம் சுளித்தார். ஆனால் மறுக்கவில்லை.

ரத்தத்தில் உள்ள உப்புகளைக் கரைத்த நீரைக் கண்ணாடிப் பீக்கரில் உடம்புச் சூட்டில் வைத்து, எஃகுத் துண்டுகளை அதில் முக்கிவைப்பேன். அரிப்பால் எஃகில் எங்காவது நுண்ணிய குழி விழத் தொடங்கினால் மிக மெல்லிய மின்னோட்டம் ஒரு துடிப்பாக எழுந்து அடங்கும். லிஃப்ட் ஓடினாலும் பக்கத்து அறையில் மோட்டார் போட்டாலும் அதுவும் சேர்ந்து பதிவாகிவிடும். அதனால் பீக்கரைச் செப்பு வலைப் பெட்டிக்குள் வைத்தேன். பதிவைக் கணினியில் அலை அலையாகப் பிரித்து, இரைச்சலைக் கழித்து, குழியின் துடிப்பை மட்டும் எடுப்பதுதான் என் வேலை. கைவந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மாவின் முறிந்த எலும்பு ஒன்றுசேரவே இல்லை. வாக்கரைப் பிடித்து நாலடி வைப்பதற்குள் முகம் வேர்த்துவிடும்.

"உள்ளுக்குள்ள என்னமோ அரிக்குது கண்ணு," என்றாள் ஒரு நாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தகடுதான் காரணம் என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

"நீ பொட்டிக்குள்ள வெச்சுக் கண்டுபுடிக்கறயல்ல, என்ற காலையும் ஒருக்கா பாரேன்."

"அதுக்குக் கருவியோட கம்பி தகடு வரைக்கும் போகோணும்மா. முடியாது."

"அப்பறம் என்னத்தப் படிக்கற?"

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

காந்திபுரம் பக்கத்தில், அம்மாவுக்குத் தகடு வைத்த மருத்துவமனைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையானவர். துடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது பீக்கர்ல நடக்கறதுங்க. அம்மா கால்ல என்ன நடக்குதுன்னு இது சொல்லாது. எக்ஸ்ரேல தகடு நல்லாத்தான் இருக்கு. சர்க்கரை இவ்வளவு இருக்கறப்ப, சந்தேகத்துக்காகத் திறந்து பாக்க முடியாதுங்க."

சத்தி ரோட்டில் பஸ் ஊர்ந்து வீடு போய்ச் சேரும்வரை மடிக்கணினியை மடியிலேயே வைத்திருந்தேன்.

மழைக்காலத்தில் தழும்பு சிவந்து வீங்கி, உடைந்து சீழ் வந்தது. இனி வேறு வழியில்லை என்று தகட்டை எடுத்தார்கள். கழுவி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். பேராசிரியரிடம் சொன்னேன். "கொண்டு வாம்மா, பார்த்துவிடலாம்," என்றார்.

நுண்ணோக்கியின் கீழே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேடினேன். திருகாணித் துளைகளின் ஓரத்தில்தான் குழி விழும். அங்கே மறுபடி மறுபடி தேடினேன். கருவிபட்ட கீறல்களைத் தவிர ஒன்றுமில்லை. தகடு புதிதுபோல் பளபளத்தது. ஒரு குழியாவது இருக்காதா என்று வேண்டிக்கொண்டது எனக்கே அருவருப்பாக இருந்தது. பேராசிரியர் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எலும்புக்குள் கிருமி தொற்றியிருந்தது என்று மருத்துவமனைப் பரிசோதனை சொன்னது. நான் அலைகளைப் பிரித்துக்கொண்டிருந்த மாதங்களில் அது சத்தமில்லாமல் எலும்பைத் தின்றிருக்கிறது. என் கருவியில் அதற்கு இடமே இல்லை.

பட்டம் வந்தது. வாய்மொழித் தேர்வில், இது மருத்துவத்துக்குப் பயன்படுமா என்று ஒருவர் கேட்டார். வாய்ப்பு இருக்கிறது என்றேன். கைதட்டினார்கள்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். அந்தக் காலை ஊன்றுவதில்லை. போன வாரம், சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனபோது கேட்டாள்.

"அந்தத் தகடு நல்லாத்தான் இருந்துச்சா கண்ணு?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"அப்பறம் எனக்கு மட்டும் ஏன் இப்பிடிப் போச்சு?"

கிருமியைப் பற்றி, சர்க்கரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள்.