மெயினை அணைத்த பிறகும்

1. பாலக்கோடு பக்கம் ருக்குமணி அக்காவின் தக்காளித் தோட்டத்தில் கிணற்று மோட்டார் சுற்றாமல் உறுமியது.
2. இரண்டு பேஸ் மின்சாரம் மட்டுமே வந்தது. அப்போது மூன்றாவது பேஸின் வேலையைச் செய்து மோட்டாரைச் சுற்றவைக்கும் கண்டென்சர் பழுதாகியிருந்தது.
3. பழுது பார்க்கப் போன நான், மெயினை அணைத்துவிட்டு அதைக் கழற்றக் கை வைத்தேன்.

மெயினை அணைத்தாலும் கண்டென்சர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பல்பை இணைத்து அதை இறக்கிய பிறகுதான் தொட வேண்டும். காலையிலிருந்து மோட்டார் மோட்டாராக அலைந்த களைப்பில் அதை மறந்தேன். ஷாக் தூக்கி எறிந்ததில் மோட்டார் அறைச் சுவரில் மோதி விழுந்தேன்.

வெளியே செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. எழுந்து ஸ்பேனரைத் தேடினேன்.

"இன்னும் கொஞ்ச நேரந்தாங்க்கா, தண்ணி வந்துரும்."

"செடி பட்டுப்போனா அடுத்த பட்டம் நட்டுக்குவன் புள்ள. உன்னைய எங்க போயி நடறது? கம்முனு உக்காரு."

போகிற இடமெல்லாம் மோட்டார் எப்போது ஓடும் என்றுதான் கேட்பார்கள். உட்காரச் சொன்னது அவர் ஒருவர்தான். உட்கார்ந்த பிறகு எழ மனம் வரவில்லை.

மறுநாள் காலை, பல்பை வைத்து மின்சாரத்தை இறக்கிவிட்டுப் புதிய கண்டென்சரை மாட்டினேன். மேற்கு ஓரச் செடிகள் பிழைக்கவில்லை. மற்றவை இப்போது காய்க்கின்றன. மோட்டார் ஓடுகிறது.