இறக்கத்தில் பிடித்த வெளிச்சம்

அப்பா மலாக்கா ஸ்டேஷனில் ரயில் பெட்டிகளின் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். ஜப்பான்காரர்கள் வந்து, தம்பின் வரை ஓடிய தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ரயிலோடு வேலையும் போயிற்று. அம்மா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டிருந்தாள். காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்.

அப்பா ஒரு பழைய பெச்சாவில் விறகு ஏற்றி விற்க ஆரம்பித்தார். அந்த மூன்று சக்கர வண்டி திரும்பும் வரை, பெண்பிள்ளை நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். பேச ஆளில்லாமல், மரவள்ளிக்கிழங்கை உரித்தபடி அம்மா குரலில் எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்வேன்.

வண்டியின் பிரேக் கட்டை தேய்ந்துபோனது. வேறு கட்டை எங்கும் கிடைக்கவில்லை. புக்கிட் பாரு மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டி ஒருமுறை அவரைச் சாக்கடையில் தள்ளியது. அதற்குப் பிறகு, யாரோ விட்டுவிட்டு ஓடிய காரிலிருந்து டைனமோவையும் பேட்டரியையும் கழற்றி வந்து பின்சக்கரத்தோடு பெல்ட் போட்டு இணைத்தார். கம்பியை இழுத்தால் பெல்ட் இறுகும். சக்கரம் டைனமோவைச் சுற்ற வேண்டியிருப்பதால் வேகம் குறையும். அதில் பிறக்கும் கரண்ட் பேட்டரியில் சேரும். ரயில் விளக்கும் இப்படித்தான் எரிந்தது, அவ்வளவு பெரிய ரயிலுக்கு அந்தச் சுமை உறைக்காது என்று சிரித்தார். மண்ணெண்ணெய் கிடைக்காத அந்தக் காலத்தில், சாயங்காலமானால் அந்த பேட்டரியில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன பல்பு எரிந்தது.

ஒரு நாள் பெச்சா மட்டும் வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவள் பக்கத்து வீட்டு பீபி. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறி மலாய் பேசப் பழகிவிட்ட செட்டி குடும்பத்துப் பெண். தமிழ் தெரியாது, எங்களுக்குள் மலாய்தான். அப்பா தூரத்து வேலைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றாள். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்த லாரியில் அவரை ஏற்றியதைச் சந்தையில் அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள் என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பின்புதான் தெரிந்தது.

பீபி வீட்டில் சாப்பிட்டேன், தூங்கினேன். ஆனால் பொழுது சாயும்போது எங்கள் வீட்டுக்குப் போய் பல்பைப் போட்டுவிட்டு அதனடியில் தனியாக உட்கார்ந்திருப்பேன். அப்பா வரும்போது வீடு இருட்டாக இருக்கக் கூடாதே. நாளுக்கு நாள் வெளிச்சம் மங்கி, கடைசியில் உள்ளே ஒரு சிவப்பு இழை மட்டும் தெரிந்தது. பீபியிடம் ஓடி, வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அழுதேன்.

மறுநாள் காலை அவள் சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு சேர்ந்து தள்ளினாள். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். மேட்டு உச்சியில் விறகு இருக்கும் இடத்தில் என்னை உட்காரவைத்து, அவள் சீட்டில் ஏறிக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். டைனமோ முனகியது. வண்டி அடங்கி அடங்கி இறங்கியது.

பாதி வழியில் கேட்டேன்: “பீபி, இந்த வெளிச்சம் தீர்றதுக்குள்ள அப்பா வந்துடுவாரா?”

சமதரைக்கு வந்து வண்டி தானாக நின்ற பிறகும் கம்பியை விடாமல் இருந்தாள்.

“நாளைக்கும் ஏறுவோம்,” என்றாள்.

அவளுக்கும் இந்தச் சவாரி பிடித்துப்போயிற்று என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.