இறுக்கிக் கட்டிய நாடா

சங்கராபுரத்தில் பாட்டு டீச்சர் நான். கோயில் கச்சேரிகளிலும் பாடுவேன். கொஞ்ச காலமாக, மேடையில் நீளமான வரி வந்தால் பாதியிலேயே மூச்சு தீர்ந்துவிடும். நுரையீரலில் பெரிய வியாதி என்றே பயந்துபோயிருந்தேன். “வூட்ல நல்லாத்தான பாடிக்கினு இருக்க? மேடையில மட்டும் இன்னா ஆவுது?” என்று வீட்டுக்காரர் குழம்பினார்.

வெள்ளிமலைத் திருவிழாவில் பாடப் போகும் வழியில், பட்டுப்புடவையோடே கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். அங்கேயே எடுத்த எக்ஸ்ரேயை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நுரையீரல் நல்லா இருக்குங்க. எங்க, மூச்சு இழுங்க.”

இழுத்தேன்.

“தோள்தான் ஏறுது, வயிறு அசையவே இல்லையே. நுரையீரலுக்குக் கீழ உதரவிதானம்னு ஒரு தசை. மூச்சு இழுத்தா அது கீழ இறங்கும். வயிறு முன்னாடி வந்தாத்தான் அதுக்கு எடம். இடுப்புல இன்னா கட்டியிருக்கீங்க?”

பாவாடை நாடாதான். ஒருமுறை மேடையில் கொசுவம் அவிழப் பார்த்தது. அதிலிருந்து கச்சேரி என்றால் தோல் கன்றும் அளவுக்கு இறுக்கி முடிச்சுப் போடுவேன். வீட்டில் எப்போதும் நைட்டி.

“இதுக்கா இவ்ளோ நாளா அழுதுக்கினு இருந்த?” என்றார் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

டாக்டரம்மா அறையிலேயே திரை மறைவில் முடிச்சைத் தளர்த்தி, கொசுவத்துக்கு ஊக்கு குத்திக்கொண்டேன். அன்று மாலை வெள்ளிமலை மேடையில், என்னைப் பயமுறுத்திய அதே வரியைப் பாடினேன். வரி முடிந்தது. மூச்சு மிச்சம் இருந்தது.

‘வயிற்றிலிருந்து பாடுங்கள்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் வயிற்றை நானே கட்டிப்போட்டிருந்திருக்கிறேன். இப்போதெல்லாம் சுருதிப்பெட்டியைப் போடும் முன் மாணவிகளிடம் கேட்டுவிடுகிறேன்:

“நாடா லூசா இருக்காம்மா?”